போணிக்கு முன் ஓர் ஊசி

குந்தாரப்பள்ளிச் சந்தையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, கிருஷ்ணகிரி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு வெல்லக்கட்டி. வாயில் மாட்டுத் தரகர் மாரப்பனுக்கான வசவு. இரண்டையும் மாற்றி மாற்றி மென்றேன். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. வெல்லம் அன்றைக்கே கரைந்துவிட்டது. வசவு இன்னும் கரையவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஏழாவதோடு நின்ற படிப்பு, உடம்பில் சர்க்கரை வியாதி. ஊர் ஊராய்ச் சுற்றினாலும் இன்சுலின் புட்டியும் கண்ணாடி ஊசியும் சோப்பு டப்பாவில் கூடவே வரும். "ஊசி போட்டதும் சாப்பிட்டுடணும். கை நடுங்கி, வேர்த்து, காரணமில்லாம கோவம் வந்தா உடனே இனிப்பு தின்னு" என்று கம்பவுண்டர் சொல்லித்தான் அனுப்பினார். அதற்கு முன் அவர் சொன்ன ஒன்றுதான் என் மண்டையில் ஏறியிருந்தது: இனிப்பு விஷம். (காரணமில்லாத கோபம் எனக்கு எப்போதும் உண்டு. அதை வைத்து என்னத்தைக் கண்டுபிடிக்க?)

அன்று காலை டீக்கடை வெந்நீரில் ஊசியைக் கொதிக்கவைத்துக் குத்திக்கொண்டேன். இட்லிக்குக் கை நீட்டினால், என்னை எடுபிடியாக வைத்திருந்த மாரப்பன் தட்டிவிட்டார்.

"போணி ஆவாம பல்லுல எதுவும் படக் கூடாது. மாட்டு யாவாரம்டா இது."

"அண்ணே, ஊசி போட்டிருக்கேன்."

"அப்ப வயிறு ரொம்பிடுச்சில்ல?"

மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கடியில் கைகோத்து விரலால் பேசுவார்கள். ஓர் அமுக்குக்குப் பத்து ரூபாய் ஏற்றம். அன்றுதான் முதன்முதலாக என்னைக் கை போடச் சொன்னார். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம்.

வெயில் ஏறியும் போணியாகவில்லை. கடைசியில் ஒரு கன்னட விவசாயி, கொம்பொடிந்த கிழட்டுப் பசுவோடு வந்தார். எனக்கு உடம்பெல்லாம் வேர்வை. துண்டுக்குள் விரல்கள் தாமாகவே உதறின. நான் விலையை ஏற்றவில்லை ஐயா, நடுங்கினேன்! விவசாயியின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. "ஆயித்து, ஆயித்து!" பேரம் முடிந்ததென்று கத்திக் கயிற்றை என் கையில் திணித்தார். கிழட்டுப் பசுவை ஒரு ஜோடி உழவு மாட்டின் விலைக்கு வாங்கியிருந்தேன்.

"இத்தினி வாட்டி அமுக்கச் சொன்னது யார்ரா? காலங்காத்தால குடிச்சிட்டியா?"

மாரப்பனின் தலைப்பாகையைப் பிடுங்கிப் பசுவின் கொம்பில் மாட்டினேன். (ஒடியாத கொம்பில். அந்த நிதானம் மட்டும் மிச்சமிருந்தது.) அப்புறம் கால் மடங்கிச் சாணியில் உட்கார்ந்தேன்.

பக்கத்து வெல்லக்கடை பாய் ஓடிவந்து என் வாயில் வெல்லத்தைத் திணித்தார். துப்பினேன்.

"சக்கர வியாதிக்காரன் வாயில வெல்லமா? கொல்லப் பாக்கறியா?"

"எந்தம்பியும் ஊசி போடறவன்தான். இப்ப தின்னாட்டித்தான் சாவ. முழுங்குடா!"

முழுங்கினேன். கால் மணி நேரத்தில் உலகம் நேராக நின்றது. வெறும் வயிற்றின் கோபம் போய், நியாயமான கோபம் வந்தது. விவசாயி, சீக்காளியிடம் பேசிய விலை வேண்டாமென்று தானே கயிற்றை வாங்கிக்கொண்டார். மாரப்பனோ, "உன் மூஞ்சில முழிச்சா எந்தக் காலத்துல போணி ஆவும்? போடா!" என்றார். பாய் களி வாங்கித் தந்து, வழிக்கு ஒரு வெல்லக்கட்டியும் கொடுத்து, "நாளைக்கிக் கிருஷ்ணகிரில எம் மண்டிக்கு வா" என்றார்.

இன்றும் நான் கோபப்பட்டால் என் வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. வெல்ல டப்பாவைத் திறக்கிறார்கள். "அப்பா துண்டுக்குள்ள கைய விட்டுட்டாரு" என்று மகள் வேறு சிரிப்பாள். பாதி நேரம் அது வெறும் கோபம்தான் என்றால் யார் நம்புகிறார்கள்?

அந்தச் சந்தைக்கு மறுநாள் காலை, சர்க்கரை வியாதிக்காரனான நான், வெல்ல மண்டியில் மூட்டை அடுக்கும் வேலைக்குப் போய் நின்றேன்.

"ஊசி போட்டியா?" என்றார் பாய்.

"போட்டேன்."

"தின்னியா?"

"இன்னும் போணி ஆவலியே, பாய்."

"போணி கெடக்குது. மொதல்ல தின்னு, அப்புறம் மூட்டையத் தொடு."