ஆண்டு தெரியாத கல்

நெடுந்தீவில் பட்டியலண்ணையிடம் ஏச்சு வாங்காத அதிகாரி ஒருவரும் இல்லை. ஏச்சு வாங்கிய கல் ஒன்றும் இல்லை. தொழில் மாடு வளர்ப்பு. மீதி நேரத்தில் தீவிலுள்ள பழைய மதில், கிணறு, தொட்டி எல்லாவற்றையும் கொப்பியில் பதிந்து, கறுப்புப் பெயின்ரால் இலக்கமும் போட்டுவிடுவார். என் வீட்டுக் கிணறு எண்பத்தேழு. கதிரையில் அசையாமல் இருக்கும் என் மாமனார் தப்பியது அதிசயம்.

பாதுகாக்கவேண்டிய இடங்களைத் தெரிவுசெய்ய யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குழு வருகிறது என்றதும் மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீதியை அகலமாக்க ஆவுரோஞ்சிக் கல்லைப் பிடுங்கப்போகிறார்கள். தண்ணீர்த் தொட்டியருகே, மாடுகள் உடம்பு உரஞ்சுவதற்காக எந்தக் காலத்திலோ நட்ட கல் அது. குழு பட்டியலில் சேர்த்தால் தப்பும்.

குழு காலைப் படகில் வந்தது. வெள்ளைக்காரர் கட்டிய பழைய கோட்டையில் நின்று படம் எடுத்தது. நண்டுக்கறியோடு ஆறுதலாகச் சாப்பிட்டது. கல்லுக்குக் கால்மணித்தியாலம் மிஞ்சியது.

போய்ப் பார்த்தால் கல் பளிச்சென்று நிற்கிறது. பெரிய ஆட்கள் வருகிறார்களே என்று அண்ணை முதல்நாள் மூன்று பூச்சுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்!

"இது புதுச் சீமெந்துத் தூண் எல்லோ?" என்றார் குழுத் தலைவர். "எந்த ஆண்டு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தீவின் தேதிகளைச் சேகரிப்பவன் நான்தான். ஆதாரமில்லாமல் ஒரு தேதியும் சொல்வதில்லை.

"தெரியாது," என்றேன்.

"தெரியாதோ? உம்மை நம்பினனே, நான் ஒரு விசரன்!" என்று அண்ணை என்மேல் பாய்ந்துவிட்டுத் தலைவரிடம் திரும்பினார். "எங்களை அடிச்சவன்ர கோட்டைக்குப் பெயர்ப்பலகை. தண்ணி வைச்சவன்ர கல்லுக்கு ஆண்டு வேணுமோ? மாட்டிட்டயும் பிறப்புப் பத்திரம் கேப்பியளோ?"

கத்தியால் சுண்ணாம்பைச் சுரண்டினார். மாட்டின் தோளுயரத்தில் கல் தேய்ந்து, குழிந்து, கண்ணாடிபோல மினுங்கியது. "தடவிப் பாருங்கோ! எத்தினை மாடு உரஞ்சினால் இப்பிடி வரும்?"

படகுக்கு நேரமாகிவிட்டதாம். ஒருவரும் தடவவில்லை.

ஆண்டு உறுதியாகாததால் தகுதியில்லை என்று கடிதம் வந்தது. இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது. ஆண்டு தெரியாவிட்டால் பிடுங்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்? அதை அன்றைக்கே நான் கேட்டிருக்கவேண்டும்.

மண்வெட்டும் இயந்திரம் வந்த அன்று, அண்ணை சட்டையைக் கழற்றிவிட்டுக் கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, விலகுங்கோ," என்றார் சாரதி.

"ஏலாது. முதுகு கடிக்குது."

"எப்ப முடியும்?"

"எனக்குப் பிறகு நாப்பது மாடு நிக்குது, தம்பி. அதுகளையும் கேளும்."

மூன்று நாள் முதுகு கடித்தது. நான்காம் நாள், வேலை மேற்பார்வையாளர் அலுத்துப்போய் வீதியைக் கல்லுக்கு அப்பால் வளைத்துவிட்டார்.

அண்ணை போன மாரியில் காலமானார். அந்த வளைவில் நான் சைக்கிளை விட்டு இறங்கி, ஒருவரும் வராத நேரம் பார்த்து, முதுகை ஒருதரம் உரஞ்சிவிட்டுத்தான் போகிறேன்.