ஜீவமணிக்கு ஜி, மாப்பிள்ளைக்கு டி

மில்லர்புரம், தூத்துக்குடி
செவ்வாய்க்கிழமை மாலை

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மாப்பிள்ளை டேவிட்சன் அவர்களுக்கு, மாமனார் ஜேசுபாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சர்க்கரையும் என் ரத்த அழுத்தமும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கு ராட்டர்டாமில் நீங்களும் மகள் ஜெப்ஸியும் பேரன் பெவினும் சுகமாக இருக்கத் தினமும் குடும்ப ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். சென்ற வெள்ளிக்கிழமை முதல், ஜெபத்தில் உங்கள் பெயர் வருகிற இடத்தில் மட்டும் உங்கள் அத்தையின் குரல் சற்று உயர்கிறது. அதைப் பக்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் கொடுத்த வீட்டார் மருமகனிடம் கோபித்துப் பேசும் வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. ஆகவே இந்தக் கடிதத்தைக் கோபமில்லாமல் எழுதுகிறேன். எங்கேயாவது கோபம் தெரிந்தால் அது கைப்பிழை.

முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன், பென்ஷனை வாங்கிக்கொண்டு மாலையில் ரோச் பூங்காவில் நாலு சுற்று நடந்துவிட்டு, பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உங்கள் அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வீட்டிலிருந்த வெள்ளை விளக்கெல்லாம் அவள் கண்ணைக் குத்தியது. பைபிளைத் திறந்தால் கண்ணீர் வந்தது. அது வசனத்தினால் வந்த கண்ணீர் இல்லை. நான் பழைய பல்பு ஒன்றைப் பிரித்து, பால் நிறக் கூடு போட்டு, இதமான மஞ்சள் வெளிச்சம் தருகிற மாதிரி ஒரு எல்இடி விளக்கு செய்து கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி அவள் ஒரு சங்கீதத்தைக் கண்ணைத் துடைக்காமல் முழுசாக வாசித்தாள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை. அதுதான் எங்கள் முதல் விளக்கு. அதற்கு அவள் பெயரையே வைத்தேன், ‘ஜீவமணி’. பெண் தொழில்முனைவோருக்கான கடன் சுலபமாகக் கிடைத்ததால் கம்பெனியையும் அவள் பெயரிலேயே பதிந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஷெட், பதினோரு பேர் வேலை, ‘ஜீவமணி லைட்ஸ்’ என்று போர்டு. பிறகு மகள் பெயரில் ஒன்று, பேரன் பெயரில் ஒன்று, கடைசியில் மருமகனுக்கு மரியாதையாக ‘டேவிட்சன்’ என்று ஒன்று. அத்தை விளக்கும் உங்கள் விளக்கும் வெளியே பார்க்க ஒரே அச்சு. உங்கள் பெயருள்ளதில் முதல்தரச் சரக்கை வைத்திருக்கிறேன் என்று உங்கள் அம்மா அப்பாவிடமே சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் கோவில்பட்டி வரைக்கும் விற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்போம். நீங்கள்தான் போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, “மாமா, இத ஐரோப்பாவுல விக்கலாம், ரெண்டு ஃபாரம்தான், நான் பாத்துக்கிடுதேன்” என்றீர்கள். இரண்டு ஃபாரம்! ஐரோப்பாவில் விளக்கு விற்க வேண்டுமானால் அதை முதலில் அங்குள்ள எனர்ஜி லேபிள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றுகிறவர் அங்கேயே இருக்கிறவராக இருக்க வேண்டும் என்று தெரிந்ததும், நீங்களே இறக்குமதியாளர் ஆனீர்கள். சந்தோஷம். அடுத்து, நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்க ஒரு மின்னணு முத்திரை வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் அலைந்தீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. வட்டமாக, நடுவில் முத்துச்சிப்பி போட்டு, அருமையான ரப்பர் ஸ்டாம்பு ஒன்று செய்து கூரியரில் அனுப்பினேன். அதைப் பெவின் நெற்றியில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனதாகக் கேள்வி. அந்த அளவுக்காவது அது ஐரோப்பாவில் செல்லுபடியானது.

பிறகு அந்தக் கேள்விகள். விளக்கின் உயரம், அகலம், பருமன், மில்லிமீட்டரில். வெளிச்சத்தின் நிறம் எப்படி, நடுக்கம் எப்படி. எனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட எங்கள் வீட்டார் இத்தனை கேட்கவில்லை. விளக்கு அணைந்திருக்கும்போது எத்தனை வாட் இழுக்கும் என்று ஒரு கேள்வி. எங்கள் பகுதியில் மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்டே இருக்காது, அன்றைக்கு எத்தனை இழுக்கிறது என்று அளந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அங்கே சிரிப்பதற்கும் முன்பதிவு வேண்டுமோ என்னவோ.

கடைசியில் மாடலுக்கு ஓர் அடையாளம் கொடுக்கச் சொன்னார்கள். மற்ற கம்பெனிக்காரர்களெல்லாம் நாலு எழுத்தும் ஆறு எண்ணுமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னது உண்மைதான். மறுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். நம் பக்கத்தில் லாரிக்கும் படகுக்கும் கடைக்கும் வீட்டுக்கும் வீட்டு மனுஷர்கள் பெயரைத்தான் வைப்போம். எண் வைப்பது ஜெயிலில். அதனால் விளக்குகள் குடும்பப் பெயர்களோடு அப்படியே ஐரோப்பா போயின. நாங்கள் பார்சலில் அனுப்பிய மாதிரிகளை நீங்கள் அங்கே ஆய்வகத்தில் கொடுத்து அளந்தீர்கள். ஒரு வாட் கரண்டுக்கு எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பார்த்து ஏ முதல் ஜி வரை ஏழு தரம் போடுவார்களாம். இந்த ஏ-யை வாங்கிய விளக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றீர்கள். நன்றாக இருக்கிறது! முதல் பெஞ்சைக் காலியாகப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை எல்லாம் கடைசி பெஞ்சில் நெருக்கி உட்கார வைக்கிற வாத்தியாரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. இதில் பெரிய வேடிக்கை, அளந்த கணக்கை வைத்துத் தரத்தைப் பதிகிறவரும் விற்கிறவரேதானாம். அதாவது, மாப்பிள்ளை, நீங்கள்.

பதிந்தீர்கள். வெள்ளிக்கிழமை உலகமெல்லாம் பார்க்கிற மாதிரி வெளியிட்டீர்கள். ஜெப்ஸி: ஈ. பெவின்: எஃப். டேவிட்சன்: டி. ஜீவமணி: ஜி.

இதை நான் பக்குவமாக, ஒரு நல்ல நேரம் பார்த்து வீட்டில் சொல்லலாம் என்றிருந்தேன். அட்டைப்பெட்டி அச்சடிக்கிற பிரைட்டன் இருக்கிறானே, நம் சபைப் பாடகர் குழுவில் சத்தமாகப் பாடுகிறவன், லேபிளில் இருக்கிற கட்டம் கட்டமான குறியை அச்சு சரிதானா என்று போனில் ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறான். பக்கம் திறந்திருக்கிறது. அவனுக்கு ஒரே பூரிப்பு. உடனே அதைப் படம் எடுத்து, “நமது சேகரத்துச் சகோதரி ஜீவமணி அம்மா அவர்கள் ஐரோப்பியத் தரவரிசையில் ஜி கிரேடு பெற்றுள்ளார்கள், வாழ்த்துகள்” என்று சபை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். இருநூற்று நாற்பது பேர் இருக்கிற குழு. அறுபது பேர் கைகூப்பினார்கள். நான் போய்ச் சத்தம் போட்டதற்கு, “சார், எதுக்கு ஏசுதிய? வாழ்த்துதான போட்டேன். ஜி-ன்னா குட் இல்லையா?” என்றான். என்னிடம் பிளஸ் டூ படித்தவன்தான். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

உங்கள் அத்தை படத்தைப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஜிக்குக் கீழ என்ன இருக்கு?”

“கீழ ஒண்ணுமில்ல ஜீவா. அதோட முடிஞ்சிருது.”

“மாப்ளைக்கு?”

“டி.”

“மார்க்கு போட்டது யாரு?”

நான் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

“அவ்வோளே பரீட்ச எழுதி, அவ்வோளே திருத்தி, அவ்வோளுக்கு டி போட்டுக்கிட்டாவ. மாமியாருக்கு ஜி. நல்லாயிருக்குங்க. பொண்ணையும் குடுத்து, நகையையும் போட்டு, வருசா வருசம் பார்சலும் அனுப்புதம்லா, அதுக்குக் கெடச்ச மார்க்கு.”

ஜி ஒன்றும் கெட்ட எழுத்து இல்லை, வெளிச்சத்துக்கும் வாட்டுக்கும் உள்ள விகிதம்தான் என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். “அப்ப நீங்க வாங்கிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெயரை எடுத்துவிட்டு எண் போடலாமா என்று உங்களுக்குப் போன் போட்டேன். வெளியிட்ட பெயரை மாற்ற முடியாது, அளவில் பிழை இருந்தால் மட்டும் திருத்தலாம், விற்பனையையே நிறுத்தினாலும் அந்தப் பக்கம் பதினைந்து வருஷம் அப்படியே இருக்கும் என்று, கல்லறைத் தோட்டத்துக் குத்தகை மாதிரி, நிதானமாகச் சொன்னீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். “எனக்கு இப்ப அறுவத்திரண்டு. எழுவத்தேழு வயசு வரைக்கும் நான் ஜி. அதுக்கு மேல கர்த்தர் பாத்துக்கிடுவாரு” என்றாள் அத்தை.

இப்போது விஷயம் எங்கே நிற்கிறது என்றால், பேனாவில் நிற்கிறது. சரக்கோடு அனுப்ப வேண்டிய உறுதிமொழிப் பத்திரத்தில் கம்பெனி உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியனுப்பினீர்கள். உரிமையாளர் யார்? ஜி. நாலாயிரம் பெட்டிகள் ஷெட்டில் கூரை வரை அடுக்கி நிற்கின்றன. வாசலில் கன்டெய்னர் வந்து நிற்கிறது. அதன் டிரைவர் நம் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டு உறவினர் மாதிரி ஆகிவிட்டார். சனிக்கிழமை கப்பல். அதை விட்டால் அங்கே உங்கள் கடைக்காரர்கள் ஆர்டரை ரத்து செய்துவிடுவார்கள், ஷெட்டில் இருக்கிற பதினோரு பேருக்கும் அடுத்த மாதம் வேலை இருக்காது. இது எல்லாம் அத்தைக்கும் தெரியும். அந்தப் பதினோரு பேருக்கும் மத்தியானம் குழம்பு ஊற்றுகிறவள் அவள்தான். ஆனாலும் பத்திரத்தைக் காட்டினால், “நான் ஃபெயிலான புள்ள. ஃபெயிலான புள்ளைட்ட யாராவது கையெழுத்து வாங்குவாவளா?” என்கிறாள். நேற்று ராத்திரி அந்தப் பால் நிற விளக்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பழைய வெள்ளை விளக்கின் கீழே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து பைபிள் வாசித்தாள். எனக்கு மனசு ஒடிந்துவிட்டது, மாப்பிள்ளை. இதைக் கேலியாக எழுதவில்லை.

ஆகவே, மார்க் போட்ட கை உங்களுடையது என்பதால், திருத்துகிற கையும் உங்களுடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முப்பத்தொரு வருஷம் விடைத்தாள் திருத்தியவன் சொல்லுகிறேன்: எழுதினவன் முகத்தைப் பார்க்காமல் மார்க் போடலாம்; மாமியார் முகத்தைப் பார்க்காமல் போடக் கூடாது. அளவில் எங்கோ பிழை இருக்கிறது. ஆய்வகத்தில் இருக்கலாம், உங்கள் கணக்கில் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் பிழை வர வாய்ப்பே இல்லை. மாதிரி டப்பாக்களின் மேல் நானே என் கையால் பெயர் எழுதினேன். தேடிக் கண்டுபிடித்து, வியாழக்கிழமைக்குள் சரிசெய்து, உங்கள் அத்தைக்குத் தனியாக ஒரு போன் போட்டு, கொஞ்சம் நேரம் ஏச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் வேலையையும் வீட்டையும் காப்பாராக. ஜெப்ஸி குளிரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பெவின் நெற்றியை நன்றாகக் கழுவச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லாத மாமா,
ஜேசுபாதம்

பின்குறிப்பு (புதன்கிழமை மாலை): நேற்று இதை ஸ்கேன் செய்து மெயிலில் போடப் புறப்பட்டபோது அத்தை வாசிக்கக் கேட்டாள். கொடுத்தேன். ‘முதல்தரச் சரக்கு’ என்கிற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்த பார்வையில் உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், வித்தியாசமாக நினைக்காதீர்கள். நல்ல எல்இடி சிப்பையெல்லாம் நான் அவள் விளக்கில்தான் வைத்தேன். உங்கள் விளக்கில் வைத்தது ஸ்டாக்கில் மீந்து கிடந்தது. வெளியே மரியாதைக்கு அப்படிச் சொல்லி வைத்திருந்தேன்.

“நல்லது என்கிட்ட இருக்குன்னா, ஜி எப்டிங்க எனக்கு வரும்?” என்றாள். இருவரும் யோசித்தோம். அவள் முகம்தான் முதலில் மாறியது. பார்சல் கட்டியவள் அவள். ஜெப்ஸிக்கு நம் ஊர் மக்ரூன் பலகாரம் அனுப்பினால் நொறுங்கிப் பொடியாகத்தான் போய்ச் சேருகிறது என்று, பல்பு டப்பாவுக்குள் அட்டைத் தடுப்பு நன்றாக இருக்கிறதே என, பல்புகளை வெளியே எடுத்து, டப்பாவின் அடியில் மக்ரூனை அடுக்கி, மேலே பல்பைத் திரும்ப வைத்திருக்கிறாள். எந்தப் பல்பு எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று யார் பார்த்தார்கள்? பார்க்க ஒரே அச்சு.

ஆகவே அந்த டி அவளுடையது. நீங்கள் மன்னிக்க வேண்டும், ஜி உங்களுடையது. ஆய்வகத்தில் இரண்டையும் மாற்றி அளந்து காட்டி, உங்கள் கையாலேயே உங்கள் பெயருக்கு ஜி என்று பதிந்துவிடுங்கள். அத்தை பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், இரண்டு இடத்தில் கேட்டதற்கு மூன்று இடத்தில். பெட்டிகளுக்குப் புது லேபிள் ஒட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று அவளே நடத்துகிறாள். உங்கள் பெயரை மட்டும் எண்ணாக மாற்ற ஏதாவது வழி உண்டா என்று நான் கேட்டதற்கு, “எதுக்குங்க? அவ்வோ படிச்சவ்வோ, தாங்கிக்கிடுவாவ” என்றாள். இப்போது குரலெல்லாம் இறங்கிச் சிரித்த முகமாக இருக்கிறாள். சபைக் குழுவில் இருக்கிற இருநூற்று நாற்பது பேருக்கும் விளக்கம் எழுதிப் போட்டாகிவிட்டது. குழுவில் இல்லாதவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சற்றுமுன் என்னிடம் உங்கள் அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.