பிழியாதீங்க அண்ணனும் பனம்பாகும்

கீழத்தஞ்சையில் மிராசுதாருக்குப் பயப்படாத கூலிக்காரர், தாசில்தாருக்குப் பயப்படாத மிராசுதார், மனைவிக்குப் பயப்படாத தாசில்தார் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. மிராசுதார், தாசில்தார், மனைவி ஆகிய மூவருக்குமே பயப்படாத ஒரே மனிதர் பிழியாதீங்க அண்ணன்தான். அவர் இந்த உலகத்தில் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. வடிகட்டும் துணியை யாராவது பிழிந்துவிடுவார்களோ என்று.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. தாலுகா ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தபோது அவருடைய மனுவில் நானே அதை எழுதியிருக்கிறேன். ஆனால் ஊருக்குள் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்பார்கள்.

கோடியக்கரைக்குப் போகிற சாலையில், நெல்வயல் முடிந்து மணல்மேடு தொடங்குகிற இடத்தில், மிராசுதார் நிலத்தில்தான் அவர் குடிசை. சம்பா அறுவடை முடியும்வரை மிராசுதார் வயலில் கூலி வேலை. மாசி பிறந்தால் அதே மிராசுதாரின் பனைமரங்களில் ஏறிப் பதநீர் இறக்கிக் காய்ச்சுவார். மற்றவர்கள் அதைக் கருப்பட்டியாகும்வரை காய்ச்சுவார்கள். இவர் மட்டும் முன்கூட்டியே, தேன் பதத்தில், பாகாக இறக்கிவிடுவார். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது வழக்கம். அந்தச் சுண்ணாம்பு கருப்பட்டியில் கலந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. பாகில் இருந்தால் பாட்டிலின் அடியில் சேறாகப் படிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் வடிகட்டல். மூன்று மூங்கில் கழிகளை முக்காலியாக நிறுத்தி, நாலு மடிப்பு வேட்டித்துணியை வெந்நீரில் நனைத்துத் தூளி மாதிரி கட்டி, கொதிக்கக் கொதிக்கப் பாகை ஊற்றுவார். முதலில் கம்பியாக இறங்கும். பிறகு சொட்டும். பிறகு, "சொட்டலாமா வேண்டாமா" என்று யோசிக்கும். ஆறவிட்டால் இறங்காது. அவசரப்பட்டுப் பிழிந்தால், துணி பிடித்துவைத்த சுண்ணாம்பெல்லாம் கீழே வந்துவிடும். எனவே சூடான பாகை மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கவேண்டும். அண்ணன் நிற்பார். ஒரு வேளைச் சோறு தவறினாலும் நிற்பார்.

இது தெரியாமல், முதல்முறை அங்கே போன நான், உப்பித் தொங்கிய துணியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒத்தாசையாகக் கையை நீட்டினேன்.

"பிழியாதீங்க!"

பாம்பைத்தான் மிதித்துவிட்டேன் என்று நினைத்து ஒரே தாவாகத் தாவி வேலியோரம் போய் நின்றேன். அண்ணன் சாந்தமாக, "ஒண்ணுமில்ல சார். அதுபாட்டுக்கு எறங்கும்" என்றார்.

சாலையோர டீக்கடையில் அவருக்கு டீ கிடையாது. மாஸ்டர் டீப்பையைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்ததைப் பார்த்து, "ஏங்க அத கொல்றீங்க?" என்று கேட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனவர், ஓட்டலில் காபி பில்டரின் தலையில் ஒருவர் தட்டோ தட்டென்று தட்டியதைக் கண்டு, காபி வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டாராம். அண்ணியே தலையில் அடித்துக்கொண்டு சொன்ன கதை இது.

அண்ணி சொன்ன இன்னொன்று. வடிகட்டும் வேட்டி அண்ணனின் கல்யாண வேட்டி. அதில் சோப்பு படக்கூடாது, வெந்நீரில் அலசுவதோடு சரி. ஒருநாள் அண்ணி அழுக்கு பொறுக்காமல் சவுக்காரம் போட்டுத் துவைத்துவிட்டார். அன்றைய பாகு முழுவதிலும் லேசாக சவுக்கார வாசம். வேறு ஆளாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு விற்றிருப்பார். இவர் வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "இன்னைக்கு வேணாங்க, சவுக்காரப் பாகு" என்று திருப்பி அனுப்பினார். ஒரு வாரம் ஊரே அண்ணியைப் பார்த்துச் சிரித்தது.

செங்கொடிக்காரர்கள் கூலி உயர்வு ஊர்வலத்துக்குக் கூப்பிட வந்தபோதும் துணி சொட்டிக்கொண்டிருந்தது. "நீங்க முன்னால போங்க தோழரே, இது எறங்குனதும் வந்துர்றேன்" என்றார். சொன்ன சொல் தவறாமல் போய்ச் சேர்ந்தார். ஊர்வலம் முடிந்து எல்லோரும் கலைந்துவிட்ட மைதானத்தில் தனியாக ஒரு கோஷம் போட்டுவிட்டுத் திரும்பினார். அதற்கும் மிராசுதாரின் காரியஸ்தர் மறுநாள் வந்து சத்தம் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்பு மனை, அதில் குடியிருக்கிற விவசாயக் கூலிக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் குறித்த தேதிக்கு முன்பிருந்தே குடியிருந்தால் பட்டா. இல்லையென்றால் நிலக்காரர் வெளியேறச் சொல்லலாம். அண்ணன் மனுக் கொடுத்தார். "இவன் போன வருஷம்தான் வந்து அடுப்புப் போட்டான்" என்று காரியஸ்தர் எதிர்மனு கொடுத்தார். அண்ணனின் ரேஷன் கார்டு புயலில் கூரையோடு பறந்துபோயிருந்தது. சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட இரண்டு பேருக்கும், காரியஸ்தர் ஒருமுறை வீட்டுப்பக்கம் வந்துபோனதும் தொண்டை கட்டிக்கொண்டது.

குடிசை போனால் அடுப்பு போகும், மரம் போகும், பாகு போகும். அந்த மனிதரிடம் மிச்சம் என்று எதுவும் இருக்காது. காரியஸ்தர் ஒரு சமாதானமும் சொல்லி அனுப்பினார். மனுவை வாபஸ் வாங்கினால் வாய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொள்ளலாம், மிராசுதார் கண்டுகொள்ள மாட்டார் என்று.

நான் அண்ணனிடம் போய், "ஒத்துக்குங்க அண்ணே. காயிதம் இல்லாம ஜெயிக்க முடியாது" என்றேன். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன். உண்மையில், என் தலைமேல் ஒரு வம்பு வேண்டாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

"இருக்கட்டும் சார். தாசில்தார் ஐயா வந்து பாக்கட்டும்" என்றார் அவர்.

தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கிய நேரம், கேட்கவா வேண்டும், துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"மனுதாரர் யாருப்பா? இப்படி வா."

"ஐயா, கொஞ்சம் பொறுத்துக்குங்க. பாகு எறங்கிக்கிட்டு இருக்கு."

எனக்கு உயிரே போய்விட்டது. காரியஸ்தர் குடையை மடக்கிக்கொண்டு, "பாத்தீங்களா சார் திமிர!" என்றார். அண்ணி கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, ஒரு டம்ளர் பாகுத்தண்ணீரும் கொடுத்தார். தாசில்தார் குடித்தார். டம்ளரின் அடியைப் பார்த்தார். வண்டல் இல்லை. கோப்பைத் திறந்தார்.

"குடியிருந்ததுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"நான் இருக்கேன்ல ஐயா" என்றார் அண்ணன்.

தாசில்தார் பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடப்போனார். ஜெயித்துவிட்ட தெம்பில் காரியஸ்தர் குடிசைக்குப் பின்னால் ஒரு சுற்று சுற்றிவரப் போனார். போனவர் கணுக்கால்வரை வெள்ளைச் சேற்றில் இறங்கிவிட்டார். புதுச் செருப்பு. கோபம் தலைக்கேறிவிட்டது.

"சார், இந்த அநியாயத்த வந்து பாருங்க! துணியில நிக்கிற சுண்ணாம்புக் கசட வருஷா வருஷம் இங்கயே கொட்டிக் கொட்டி மண்ணையே மலடாக்கிட்டான். பத்து வருஷமா தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், கேக்க மாட்டேங்கறான்!"

தாசில்தார் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எத்தனை வருஷமான்னு சொன்னீங்க?"

காரியஸ்தர் ஒற்றைக்காலைச் சேற்றிலிருந்து பிடுங்கியபடி, "ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்" என்றார்.

தாசில்தார் கடப்பாரை கேட்டார். கசடு கொட்டிக் கொட்டி உயர்ந்திருந்த அந்த மேட்டின் ஓரத்தை நானே வெட்டினேன். மேலே ஈரச் சேறு. அதற்குக் கீழே கல்லாக இறுகிய வெள்ளை. அதன்கீழ் மழைக்காலத்து மணல். மறுபடி வெள்ளை. மறுபடி மணல். தாசில்தார் உட்கார்ந்து, வெள்ளைக்கு ஒரு வருஷம் என்று விரல்விட்டு எண்ணினார். சட்டத்தின் தேதிக்கு அது போதும் என்று பதினோராவது வெள்ளைக் கோட்டோடு நிறுத்திக்கொண்டார். கீழே இன்னும் இருந்தது.

"ஏம்ப்பா, எல்லாத்தையும் ஏன் ஒரே இடத்துல கொட்டுன?"

அண்ணன் துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். "வேற எங்கங்க ஐயா கொட்டுறது? வயல்ல கொட்டுனா பயிரு கருகும். வாய்க்கால்ல கொட்டுனா மீனு சாகும். நம்ம கசடு நம்ம வீட்டுக்குப் பின்னாலதானுங்க இருக்கணும்."

அவர் பாகுக்காகத்தான் அத்தனை பாடும் பட்டார். சாட்சிக்கு வந்ததோ, அவர் வேண்டாமென்று ஒதுக்கியது. இதைப் பலநாள் யோசித்திருக்கிறேன். ஒதுக்கியதை யார் கண்ணிலும் படாமல் வீசாமல், தன்னுடையதென்று வைத்துக்கொண்டிருந்தார். காயிதம் காயிதம் என்று கத்திய எனக்கு அது கண்ணில் படவேயில்லை. வெட்கமாக இருந்தது.

பட்டா வர ஐந்தாறு மாதம் ஆயிற்று. தபாலில் அனுப்பியிருக்கலாம். நான் பஸ் ஏறி நேரில் கொண்டுபோனேன். அண்ணன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான்கு எல்லைகளையும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். அண்ணி அழுதார். அண்ணன் அழவில்லை.

சாயங்காலம் நான் கிளம்ப எழுந்தபோதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், அடுத்தவங்க எடத்துல இருந்துகிட்டு ஒருத்தர தங்கிட்டுப் போங்கன்னு சொல்ல இத்தனை நாளா வாய் வரலீங்க. இன்னைக்குச் சொல்றேன். தங்கிட்டுப் போங்க."

சாலையில் கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடித்திருந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன்.