புளோரிடாவில் வெர்னா

காலி வீட்டின் அழைப்பு மணியை யாராவது அடிப்பார்களா? பக்கத்து வீட்டு லாயிட் அடித்தார். அதுவும் நீளமாக, நிதானமாக.

வெர்னா வாயிலிருந்த ரொட்டியை விழுங்காமலே தட்டைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடினாள். ஊரைப் பொறுத்தவரை அவள் புளோரிடாவில், கடற்கரை மணலில் கால் நீட்டிக் கிடக்கிறாள்.

வசந்தத்தில் கணவர் இறந்துபோனதிலிருந்து தெருவே அவளுக்குச் சமைத்துக் கொண்டுவந்தது. பாத்திரத்தை நீட்டும்போது எல்லோருடைய தலையும் ஒரே பக்கமாகச் சாயும். "எப்படி இருக்கே வெர்னா?" அந்தச் சாய்ந்த தலைகளைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இலையுதிர் காலத்தில், பனித்தரையில் கல் தள்ளி ஆடும் கர்லிங் கிளப்பில் யாரோ, "இந்தக் குளிரைத் தனியா எப்படித் தள்ளப்போறே?" என்று கேட்டபோது, அவள் வாய் அவளைக் கேட்காமலே, "நான் புளோரிடா போறேன்" என்றது.

"அடேங்கப்பா, நீயும் ஸ்னோபேர்ட் ஆயிட்டியா?"

பனி விழுந்ததும் தெற்கே பறந்துவிடும் ஓய்வூதியக்காரர்களுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். கொஞ்சம் கிண்டலோடுதான் சொல்வார்கள். ஆனால் ஸ்னோபேர்டைப் பார்த்து யாரும் தலையைச் சாய்ப்பதில்லை. வெர்னாவுக்கு அது போதுமாக இருந்தது.

போகத்தான் நினைத்தாள். டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோது கணினி, பயணிகள் எத்தனை பேர் என்று கேட்டது. ஒன்று என்று அழுத்த விரல் வரவில்லை. மூடி வைத்துவிட்டாள்.

வீட்டிலேயே ஒளிந்துகொள்வது சுலபம் என்று நினைத்தாள். ஒன்றை மறந்துவிட்டாள். குளிரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை யாராவது அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், குழாய் உறைந்து வெடித்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். அவள் மறுப்பதற்குள் லாயிட் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது அவர் மேலே, செடியோடு பேசிக்கொண்டிருந்தார். ஊருக்கே கேட்கும் குரல்.

"என்னம்மா பெகோனியா, சௌக்கியமா? நிலவறைக்கெல்லாம் நான் இறங்க மாட்டேன், முட்டி வலிக்குது. இந்த மக்ரோனியை உங்க ஃப்ரீசர்ல வைக்கறேன். என் வீட்டுல இடமே இல்ல."

பாவம், வயசாகிவிட்டது என்று வெர்னா இருட்டில் சிரித்துக்கொண்டாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியவில்லை. ஹீட்டரைத் தாராளமாக எரியவிட்டார். தண்ணீரை நிறுத்தவே இல்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் எதிர்வீட்டு மேவிஸ், விவாகரத்தான கையோடு புளோரிடா போனபோது சாவி வெர்னாவிடம்தான் இருந்தது. முதல் நாளே ஹீட்டரைக் கடைசிப் புள்ளிக்கு இறக்கி, தண்ணீர்க் குழாயின் தலைத் திருகை மூடி, ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் கெட்டுப்போகாமல் தன் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். பொறுப்பு என்றால் அது. மேவிஸ் பாதியிலேயே மார்ச்சளியோடு திரும்பிவிட்டாள். "வெயில் ஊர்ல போய்ச் சளி பிடிச்சவ நீ ஒருத்திதாண்டி" என்று வெர்னா கிளப்பில் எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

லாயிட் கண்டுபிடிக்காதபடி மக்ரோனியை ஓரத்தில் எலி கொறித்ததுபோலச் சுரண்டித் தின்றாள். அடுத்த முறை அவர் பெகோனியாவிடம், "இந்த வீட்டு எலி ஏன் இவ்வளவு கொஞ்சமா சாப்பிடுது?" என்று கவலைப்பட்டுவிட்டு, பெரிய தட்டாக ஒன்று வைத்துவிட்டுப் போனார்.

பயந்துபோன வெர்னா, தான் புளோரிடாவில் இருப்பதை உறுதிப்படுத்த அவருக்கு ஃபோன் செய்தாள். அலைச் சத்தத்துக்காகப் பக்கத்தில் வாஷிங் மெஷினை ஓடவிட்டாள்.

"கடலா அது?" என்றார் லாயிட்.

"ஆமா, எதிர்லயே."

மெஷின் துணி பிழியத் தொடங்கிக் குதித்தது.

"என்ன, புயலா?"

"புயல்தான். சின்னப் புயல்."

மறுநாள் மேவிஸ் அழைத்தாள். "ஏண்டி, அங்க புயலாமே? டிவியில வெயில்னுதானே சொல்றான்?"

"எங்க கரையில மட்டும்."

"அப்ப ஒரு போட்டோ அனுப்பு. கிளப்புல ஒட்டணும்."

வெயில் பட்ட நிறத்துக்காக ஒரு களிம்பைப் பூசினாள். முகம் கேரட்டாகிவிட்டது. வைக்கோல் தொப்பியோடு, மஞ்சள் சுவரின் முன்னால் நின்று, மேஜை விளக்கைச் சூரியனாக்கிப் படமெடுத்து அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டுக் கிளப் ஒரு முடிவெடுத்தது. வெர்னா திரும்பியதும் மேவிஸ் வீட்டில் ஒரு மாலைக் கூட்டம். வெர்னா தன் புளோரிடா அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

பனி இளகியபோது வெர்னா பின்வாசல் வழியாகப் பெட்டியோடு நழுவி, கடைத்தெருவில் டாக்சி பிடித்து, முன்வாசலில் வந்து இறங்கினாள். லாயிட் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பிரயாணம் சௌகரியமா?" என்றார். அவள் ஆரஞ்சு முகத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் அவள் அரைமணி நேரம் கடலைப் பற்றிப் பேசினாள். யாரும் சங்கடமாக எதுவும் கேட்கவில்லை. ஒரு தலைகூடச் சாயவில்லை. இவ்வளவு பேரை ஏமாற்றிவிட்டோமே என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம், தன் சாமர்த்தியத்தின் மீது பெருமை ஒரு பக்கம். அந்தப் பெருமையில்தான், சமையலறையில் மேவிஸோடு தட்டுக் கழுவும்போது வாயை விட்டாள்.

"லாயிட் நல்ல மனுஷன்தான். ஆனா வீட்டைப் பார்த்துக்கத் தெரியல மேவிஸ். ஹீட்டர் எரிஞ்சபடி இருக்கு, தண்ணியை நிறுத்தல, ஃப்ரீசர் பூரா அவர் சாப்பாடு. அன்னிக்கு உன் வீட்டை நான் எப்படிப் பார்த்துக்கிட்டேன், நினைச்சுப் பாரு."

மேவிஸ் கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்து, அடுக்கில் வைத்தாள்.

"நினைக்காம என்ன? நீ கொடுத்து வச்சவடி. உனக்கு லாயிட் வாய்ச்சார். நான் நிலவறையில கிடந்தப்ப எனக்கு வாய்ச்சது நீ."