பிரிண்டர் பிசாசும் மரக்கால் நெல்லும்

தேர் ஓடும் நாளில்கூட அந்த ஊரில் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. நெல் கொள்முதல் அலுவலக வாசலில் ஆணும் பெண்ணும் முண்டியடித்தார்கள். உள்ளே பிரிண்டருக்குப் பேய் ஓட்டப் போகிறார்கள்.

பேய்க்கும் காலம் மாறிவிட்டது. புளியமரத்தில் தொங்கி அலுத்துப்போய், மின்விசிறிக் காற்று வாங்க அலுவலகத்துக்குள் குடியேறிவிட்டதாம். சொன்னவர் வைரக்கண்ணு சாமி. சாமியாவதற்கு முன்பு அவர் சீர்காழிப் பக்கம் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். காவி கட்டியவனின் பழைய பிழைப்பைக் கிளறுவது பாவம் என்று ஊர் அதை மறந்துவிட்டது.

கூட்டத்தில் இடுப்பொடிய நின்றிருந்தாள் நாகம்மாள். குத்தகை நிலத்துக் குறுவை நெல்லை அறுத்துச் சாலையோரம் கொட்டி வைத்திருக்கிறாள். மேலே கிழிந்த படுதா, அதற்கும் மேலே கறுத்த வானம். டோக்கன் அச்சாகி வந்தால்தான் நெல்லை எடை போடுவார்கள். பிரிண்டரோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. காலையில் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். அடி நெல் சுட்டது, அங்கங்கே முளையும் தட்டுப்பட்டது. இன்னொரு மழை பெய்தால் மொத்தமும் முளைத்துவிடும்.

எல்லாம் ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. பூஜைக்கு வந்த சாமி, பிரிண்டருக்குச் சந்தனம் அப்பினார். பக்தி மிகுதியில், இணைப்பு வயர் செருகும் துளையையும் சேர்த்து அடைத்தார். சந்தனம் கெட்டியாகிவிட்டது, வயர் ஏறவில்லை. சரி, வைஃபையில் ஓடட்டும் என்று விட்டார்கள். மந்திரத்தைப் போனில் பார்க்க வேண்டும் என்று சாமி வைஃபை கேட்டார். குருதான் சிஷ்யன் காதில் ஓதுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே மேலாளர் பஞ்சநதம் சாமியின் காதில் பாஸ்வேர்டை ஓதினார்.

அதற்குப் பிறகு பிரிண்டர் அடிக்கடி செத்துப்போனது. எதிர் டீக்கடையிலேயே இருந்த சாமி வந்து, கற்பூரம் காட்டி உயிர் கொடுத்தார். காணிக்கை, மரக்கால் படியால் அளந்து ஆளுக்கு ஒரு மரக்கால் நெல். ஒரு குழி நிலம்கூட இல்லாத சாமி இந்தக் குறுவையில் மூட்டை மூட்டையாக நெல் போட்டார். அவருடைய டோக்கன் மட்டும் ஒரு தடவையும் சிக்கியதில்லை.

"இன்னும் காணிக்கை குறையுது. குறைஞ்சா இறங்காது" என்றார் சாமி, பிரிண்டர் முன்னால் சம்மணமிட்டபடி.

"எத்தனை தடவைங்க சாமி? போன வாரமும் அளந்தேனே" என்றாள் நாகம்மாள்.

"அது வேற பேய், இது வேற பேய்."

பின்னால் டோக்கனுக்கு நின்ற விவசாயி ரெத்தினம் கத்தினார். "அளந்து விட்டுட்டு நகருங்கக்கா, மழை வருது!"

நாகம்மாள் முந்தானையில் கட்டி வந்த நெல்லை அளந்து கொட்டினாள்.

அப்போதுதான் எழுந்தாள் குந்தவை. புதிதாக மாற்றலாகி வந்த கணினி ஊழியர்.

"சார், கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கலாமா?"

பஞ்சநதம் பதறினார். "சும்மா இரும்மா. சாமிக்குக் கோபம் வந்தா?"

"வரட்டும் சார். பிரிண்டருக்கு நாம ஒரு நம்பர் குடுத்திருக்கோம், வீட்டுக் கதவு நம்பர் மாதிரி. கம்ப்யூட்டர் அந்த நம்பரைக் கூப்பிட்டா பிரிண்டர் பதில் சொல்லணும். கூப்பிடுறேன், பாருங்க."

திரையில் பதில் வரிசையாக விழுந்தது. பிறகு அவள் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் பதில் வந்தது.

"பிரிண்டருக்குக் கரண்டே இல்ல. பதில் சொல்றது யாரு?"

பஞ்சநதம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பேய்! நான்தான் சொன்னேன்ல!"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. சாமி கண்ணை மூடி உறுமினார். ஆனால் அவர் கை இடுப்பு மடிப்பைத் தடவியதை நாகம்மாள் பார்த்துவிட்டாள்.

"எல்லாரும் போனை அணைச்சு மேஜைமேல வைங்க" என்றாள் குந்தவை.

வைத்தார்கள். திரையில் பதில் நிற்கவில்லை. சாமி மட்டும் வைக்கவில்லை.

"சந்நியாசிகிட்ட ஏதும்மா போனு?"

"மந்திரம் பாக்கத்தானே வைஃபை வாங்குனீங்க? எதுல பாத்தீங்க?"

சாமி எழுந்து வாசலைப் பார்த்தார். நாகம்மாள் குறுக்கே நின்றாள். கதிர்க்கட்டு பிடித்துக் காய்த்த கை அது. இடுப்பு மடிப்பில் ஒரு இழுப்பு, போன் கையோடு வந்தது. குந்தவை அதை அணைத்தாள். திரையில் பதில் சட்டென்று நின்றது. பிளக்கைச் செருகினாள். பிரிண்டர் முனகியது, சுழன்றது, நிறுத்தி வைத்திருந்த டோக்கன்களை எல்லாம் துப்பியது. கற்பூரம் இல்லை, மந்திரமும் இல்லை.

"பிரிண்டரோட நம்பரைத் தன் போனுக்குப் போட்டுக்கிட்டாரு. கம்ப்யூட்டர் அனுப்புறது பிரிண்டருக்குப் போகாம இவரு மடிக்குப் போயிருக்கு. டீக்கடையில உக்காந்து போன்ல வைஃபையைப் போட்டா பேய் வரும், அணைச்சா போயிடும். அவ்வளவுதான்."

நாகம்மாள் சாமி பக்கம் திரும்பினாள். "டேய், என் அடி நெல்லு முளை விட்டுருச்சுடா. ஒன் போனாலயாடா அது கெடந்து நனைஞ்சுது?"

ரெத்தினமும் நாலு பேரும் அவரைத் தூணோரம் உட்கார வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொன்னார்கள். நாகம்மாள் டோக்கனை வாங்கி ரவிக்கைக்குள் செருகினாள். மேல் நெல்லையாவது காப்பாற்ற வேண்டும்.

அவளை வழிமறித்தார் பஞ்சநதம். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் காவி கட்டுனவரு. சாபம் கீபம் விட்டுட்டா? திருவாரூர்ல ஒருத்தர் இருக்காராம், சாபத்துக்குப் பரிகாரம் பண்ணுவாராம். எதுக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துடலாமா?"

நாகம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"போய்ட்டு வாங்க சார். அந்தப் பொண்ணு பிரிண்டரைச் சரி பண்ணிடுச்சு. ஒங்க தலையைச் சரி பண்ண ஒங்களைத் தவிர ஒருத்தரும் வரமாட்டாங்க."

முதல் தூறல் விழுந்தது. அவள் படுதாவை நோக்கி ஓடினாள்.