வெற்றுமெய் பிறந்த வரலாறு

தர்க்கத்துறைக்கு மனிதகுலம் வழங்கிய கொடைகளுள் தலையாயது, 1953இல் திருவொற்றியூரில், எங்கள் அமிலத் தொழிற்சாலை மேனேஜரின் திருவாயிலிருந்து உதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்யும் பேறு எனக்கு வாய்த்தது.

மேனேஜர் புண்யகோடி தர்க்கத்தில் எம்.ஏ. அமிலத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் மாசானம். ஆசிட் ஜாடி உடைந்து அவன் வலது கை முழங்கைவரை வெந்துபோனது. விசாரிக்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். மாசானத்தின் மனைவி கன்னியம்மாவும் வந்து கதவோரம் நின்றாள்.

புண்யகோடி எழுந்து அறிக்கை வாசித்தார்: “எங்கள் ஆலையில் கையுறை அணிந்து வேலைசெய்த எவருக்கும் இதுவரை காயம்பட்டதே இல்லை.”

இன்ஸ்பெக்டர் உருகிப்போனார். “பிரமாதம்! எத்தனை ஜோடி வைத்திருக்கிறீர்கள்?”

“ஒரு ஜோடிகூட இல்லை.”

“அப்படியானால் நீங்கள் சொன்னது?”

“மெய்! மறுப்பதானால், கையுறை போட்டுக் காயம்பட்ட ஒருவனைக் காட்டுங்கள். முடியாதல்லவா? தர்க்கத்தில் இதை ‘வேக்குவஸ் ட்ரூத்’ என்பார்கள்.”

“தமிழில்?”

பெரும் நெருக்கடி. அங்கேயே ‘கலைச்சொல்லாக்கக் குழு’ அமைந்தது, உறுப்பினர்கள் இருவர். ‘சூனிய சத்தியம்’ வடமொழி என்று தள்ளுபடியானது. ‘காலி உண்மை’ மண்ணெண்ணெய் டின்னை நினைவூட்டியது. இரண்டாவது டீக்குப்பின் ‘வெற்றுமெய்’ பிறந்தது. மெய்க்கு உடம்பு என்றும் பொருளுண்டு. வெளியே வெற்றுடம்போடு ஜாடி தூக்கிக்கொண்டிருந்தவர்களைக் குழு கருத்தில் கொள்ளவில்லை.

கன்னியம்மா குறுக்கிட்டாள். “எங்க வூட்டுக்காரு கைதான் பூடுச்சி. மிச்ச ஆளுங்களுக்காவது ஒரு கிளவுசு வாங்கிக் குட்த்தா இன்னா சார்?”

புண்யகோடி பொறுமையே உருவானவர். “அம்மா, கொடுத்தால் நாளைக்கு எவனாவது அதைப் போட்டுக்கொண்டே காயப்படுவான். என் வாக்கியம் பொய்யாகிவிடாதா?”

“மெய்யி மெய்யின்னு சொல்லிகினு கீறீங்களே, ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து அவரு கையப் பாருங்க சார். தோலு உரிஞ்சிகினு கீது!”

“அது தர்க்கத்துக்கு வெளியே இருக்கிறது.”

அவளும் வெளியே அனுப்பப்பட்டாள். இன்ஸ்பெக்டர் ‘குறையேதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மாசானத்தின் கையை வெட்டி எடுத்தார்கள். இரண்டு கை வேண்டிய வேலை என்பதால் வேலையும் போயிற்று. கன்னியம்மா கூடை சுமந்து கருவாடு விற்கிறாள்.

இதற்காக எங்களை இரக்கமற்றவர்கள் என்று தூற்றுவோர் கவனிக்க: எங்கள் அலுவலகத்தில் மனசாட்சியுள்ள அத்தனை பேரும் மாசானத்தின் வீடுதேடிப் போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

தர்க்கப்படி இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.