வெள்ளிக்கிழமை ஆறு மணிக் குழாய்

"எனக்கு வாரத்துல ஒரு நாள் லீவு வேணும்."

தென்றல் இப்படிச் சொன்னபோது, அவளுடைய வலது உள்ளங்கை குளியலறைச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மொத்தமும் கீழே சமையலறைக்குள் இறங்கிவிடும்.

விடுதி முதலாளி பரசுராமன் அவளையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லியிருந்தார்: "எது வேணா கேளும்மா, வார லீவு மட்டும் கேக்காத." பதினான்கு மாதமாக அவளும் கேட்கவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. கிடைத்த வேலையைத் தொலைத்த முதல் ஆளாகவும் ஆகிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் பேச இப்பதான் நேரமா?"

"வேற எப்ப பேசினா நின்னு கேப்பீங்க?"

நான்கு மணிக்கு அது வெறும் சொட்டாகத்தான் இருந்தது. மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்கு எல்லா அறைகளும் பதிவாகியிருந்தன. பரசுராமன் ஏதோ பசையை அப்பினார். சொட்டு ஒழுக்காயிற்று. தொட்டி வால்வை மூடப் போனார். துருப்பிடித்த கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

அப்போதுதான் ஐந்தாம் எண் அறையிலிருந்து யாகோவ் வெளியே வந்தார். உக்ரைனில் பிறந்த யூதர். பத்து வயதில் பெற்றோரோடு இஸ்ரேலில் குடியேறியவர். இருபது வருஷமாக பிளம்பர். நடுநடுவே ரிசர்வ் ராணுவம் கூப்பிடும். அவர் வீட்டு வாசலில் எப்போதும் இரண்டு பைகள் தயாராக இருக்குமாம், ஒன்றில் குழாய் முடுக்கும் ரிஞ்சு, இன்னொன்றில் யூனிஃபார்ம். இரண்டையும் தூக்காமல் கொஞ்ச காலம் உட்காரலாம் என்றுதான் மூன்று மாதம் முன்பு ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்கினார்.

அவர் வேலை செய்வதைத் தென்றல் வாய் பிளந்து பார்த்தாள். குழாயின்மேல் இரண்டு விரலை வைத்து, நாடி பார்க்கிறவர் போலக் கண்ணை மூடினார். ரிஞ்சு இரண்டே திருப்பு. மூட்டு கழன்று தண்ணீர் பீறிட்டது. துணியைத் திணித்தார்கள், துணியையும் தள்ளிக்கொண்டு வந்தது.

"நீ பிடி," என்றார் யாகோவ், தனக்குத் தெரிந்த தமிழில். தென்றல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

மாட்ட வேண்டிய புதுக் குழாய் மூட்டைக் கையில் எடுத்தவர் ஜன்னலைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூட்டைக் கீழே வைத்தார். ரிஞ்சை வைத்தார். கை கழுவினார். போனை அணைத்துவிட்டு நடையில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"சார், மாட்டிட்டா முடிஞ்சுது சார்," என்றார் பரசுராமன்.

"ஷபாத். எங்க ஓய்வு நாள். நாளைக்கு சாயங்காலம் வரை வேலை இல்ல."

தண்ணீர் அவர் பாதத்தைச் சுற்றி ஓடியது. அவர் காலைக்கூடத் தூக்கவில்லை.

"மிலிட்டரி கூப்பிடுற போனையே ஆஃப் பண்ணிட்டாரு பாரும்மா," என்று பரசுராமன் கிசுகிசுத்தார். "மூவாயிரம் வருஷத்து பக்தி." அவர் கைகள் தாமாகக் குவிந்தன.

தென்றலுக்கு மயிர் கூச்செறிந்தது. வீடே மிதந்தாலும் இன்றைக்கு இவ்வளவுதான் என்று ஒரு மனிதனால் ரிஞ்சைக் கீழே வைக்க முடியுமா?

பரசுராமன் உள்ளூர் பிளம்பர் நசீருதீனுக்கு போன் போட்டார். "மக்ரிப் நேரம் சார். தொழுதுட்டு உடனே வந்துடறேன்," என்றார் அவர். அடுத்த நிமிஷம் பரசுராமனின் மனைவி கீழேயிருந்து குரல் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம்.

"ரெண்டே நிமிஷம்மா. கையை எடுத்துடாத."

ஒரே அந்தியில் மூன்று பேரை மூன்று சாமிகள் கூப்பிட்டுக்கொண்டன. தென்றலைக் கூப்பிட எந்தச் சாமியும் வரவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு பரசுராமன் திரும்பி வந்தபோதுதான் அவள் அந்த லீவைக் கேட்டாள்.

"சரிம்மா, இனிமே சனிக்கிழமை உனக்கு லீவு," என்றார் பரசுராமன். "கையை மட்டும் எடுக்காத."

"நாளைலேர்ந்தா?"

"நாளைலேர்ந்து."

நசீருதீன் வந்தார். நாலு நிமிஷத்தில் மூட்டை மாட்டி முடித்தார். ஊறி வெளுத்த உள்ளங்கையைத் தென்றல் துப்பட்டாவில் துடைத்தாள்.

"நாளைக்குப் பௌர்ணமிம்மா," என்று இழுத்தார் பரசுராமன். "அவசரத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். லீவெடுத்து என்னதான் பண்ணப் போற?"

"சும்மா இருக்கப் போறேன்."

"சும்மாவா?"

"இங்க ரூம் எடுக்கிறவங்கல்லாம் அதுக்குத்தானே பிளேன் ஏறி வராங்க. நான் டவுன் பஸ்ல போய் இருந்துக்கறேன்."

சாவிக் கொத்தை மேஜையில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில வரேன். வேற ஆள் போட்டிருந்தீங்கன்னா இதை அவங்ககிட்ட குடுங்க."

வாசலில் நசீருதீன் வண்டியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். தென்றல் நடையை நிறுத்தாமலே சொன்னாள்:

"என்னா மனுஷன் பாய் அந்த யாகோவ். சாமிக்காக வெள்ளத்துலகூட அசையல. அவரைப் பார்த்துதான் எனக்கே தைரியம் வந்துச்சு."

"அவரா? சும்மா உக்கார முடியாம போன மாசம் வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வேங்கிக்கால்ல என்கூட பைப்பு மாட்டிட்டிருந்தவரும்மா," என்றார் நசீருதீன், தெருவில் இறங்கிவிட்ட அவள் முதுகைப் பார்த்து. "ஆயுசுல அந்த ஷபாத்தைக் கடைப்பிடிச்சதே இல்லையாம். 'அந்தப் பொண்ணு ஏழு நாளும் ஓடறதைப் பார்த்தா பயமா இருக்கு பாய், அந்த பில்டிங்ல யாராவது ஒருத்தராவது நிறுத்தணும்'னு சொல்லித்தான் ஆரம்பிச்சாரு."